ஊற்றுக்கரை நீர்க்காசித்தும்பை

அந்தப் பூவின் பெயரைத் தேடிப் பிடித்து ஊருக்குச் சொன்னவள் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் இனித் திட்டப்போகிற ஆட்களையெல்லாம் பார்த்துவிட்டு, இவள் மட்டும் என்ன ஒழுங்கு என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல். வீட்டிலும் கடையிலும் சபையிலும் அதற்குப் பெயரெடுத்தவள். வழக்கமாக ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் ஆறிவிடும். இது ஆறவில்லை.

எங்கள் வீடு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், ரப்பர் மரச் சரிவு இறங்கி முடிகிற இடத்தில் இருக்கிறது. வீட்டுக்குக் கீழே ஒரு ஓடை. தோடு என்போம் இங்கே. ஓடையின் எங்கள் பக்கத்துக் கரையில், பாறை இடுக்கிலிருந்து ஓர் ஊற்று வருகிறது. பெரிய ஊற்று ஒன்றுமில்லை, கை கழுவுகிற அளவுக்குத்தான் விழும். ஆனால் நிற்கவே நிற்காது. அந்தத் தண்ணீர் கரையோரத்தில் தேங்கி ஒரு சின்னச் சதுப்பாகக் கிடக்கும். அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கித்தான் எங்கள் கிணற்றுக்கு வருகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் கணவரின் தங்கை வீடு. அவள் கிணற்றுக்கும் அதுதான் ஊறுகிறது. மீன மாதத்தில், அதாவது பங்குனி வெயிலில், ஊர்க்கிணறுகளில் வாளி தரையில் முட்டும்போதும் எங்கள் இரண்டு கிணறுகளிலும் இடுப்பளவுக்குத் தண்ணீர் நிற்கும்.

அந்த ஓடையின் இரண்டு கரையிலும் கான்கிரீட் சுவர் கட்டப்போவதாக ஒரு ஆடி மாதத்தில் பஞ்சாயத்து ஆட்கள் வந்து சொன்னார்கள். கரை இடிகிறதாம். இடிகிற கரை மேலே, ரோட்டுப் பக்கம். எங்கள் பக்கம் பாறை. பாறை எப்படி இடியும்? கேட்டேன். எஸ்டிமேட்டில் எல்லா இடமும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறது என்றார்கள். ஊற்றின் வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, தண்ணீரை நேரே ஓடைக்குள் விட்டுவிடுவார்களாம். சதுப்பை மண் போட்டு மேடாக்கிவிடுவார்களாம். அதற்குப் பிறகு எங்கள் கிணற்றுக்கு எது ஊறும் என்று கேட்டால், "பைப் கணெக்‌ஷன் எடுக்கலாமே" என்று ஒரு சிரிப்பு.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். பாறசாலையில் ஊர் முழுக்க எழுதுகிற மனுக்களை மலையாளத்திலும் தமிழிலும் டைப் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. எனக்கே மனு எழுதத் தெரியாதா? எழுதினேன். அக்கம்பக்கத்தில் கையெழுத்தும் வாங்கினேன். ஊற்று இருக்கிற அந்தத் துண்டை மட்டும் சுவர் கட்டாமல் விட்டுவிடுங்கள், மற்றதை என்னவோ செய்துகொள்ளுங்கள் என்றுதான் கேட்டிருந்தேன். இடத்தைப் பார்க்க ஓர் எஞ்சினியர் வந்தார். சின்ன வயது, மரியாதையான பையன்தான். முட்டி வரை பேன்ட்டை மடித்துக்கொண்டு சதுப்பின் ஓரத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார். அன்றைக்கு மழையென்றால் மழை. தென்னை மூட்டிலிருந்தும் தண்ணீர், மதிலிலிருந்தும் தண்ணீர், எங்கே பார்த்தாலும் ஊற்றுதான்.

"சேச்சி, இது மழைவெள்ளமாக்கும். மகரம் வந்து மழை நின்னா வற்றிப்போகும்" என்றார்.

"வற்றாது சாரே. நான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதலா பாக்குதேன்."

"எல்லாத் தோட்டுக் கரையிலும் இதுதான் சொல்லுதாங்க, சேச்சி. ஓணம் லீவு முடிஞ்சு நான் இன்னொருக்கா வாறேன். அதுக்குள்ள இது ஊற்றுன்னு அறிவுள்ள யாராவது எழுதித் தந்தா, நான் மேலே அனுப்பலாம்."

அறிவுள்ள யாராவது! அந்தத் தண்ணீரை மோந்து குடித்து, அதில் குழந்தை குளிப்பாட்டி, துணி அலசின நாங்களெல்லாம் கையெழுத்துப் போட்டது போதாது. அவர் போன பிறகும் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அப்போதுதான் அந்தப் பூவைச் சரியாகப் பார்த்தேன்.

சதுப்பில், முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் வேர் விட்டு அந்தச் செடிகள் நின்றன. வருடா வருடம் நிற்பவைதான். நான் அதற்கு முன்பு ஒரு முறைகூட நின்று பார்த்ததில்லை. தண்டு குழல் மாதிரி தடித்து, கோணம் கோணமாக இருந்தது. இலை ஒல்லியாக நீண்டு, ஓரத்தில் சின்னச் சின்னப் பல். பூ இளஞ்சிவப்பு, உள்ளே வெள்ளையும் மஞ்சளும் தீற்றினாற்போல. பின்பக்கம் வளைந்த ஒரு வால். காசித்தும்பை மாதிரி இருந்தது, ஆனால் காசித்தும்பை தண்ணீருக்குள் நிற்காது.

நான் பி.எஸ்ஸி. பாட்டனி. சிரிக்க வேண்டாம். மார்த்தாண்டம் பக்கம் படித்து, நல்ல மார்க்கும் வாங்கி, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து, ஜெராக்ஸ் மிஷினுக்கு மை மாற்றிக்கொண்டிருக்கிறேன். படித்ததில் பாதிக்கு மேல் மறந்துபோனது. ஆனால் ஒன்று மறக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே வாழப் பழகின செடி, நாலு நாள் மழைக்குத் தேங்கிய குட்டையில் முளைத்துவிடாது. இந்தச் செடி எதுவென்று சரியாகச் சொல்ல முடிந்தால், இது மழைவெள்ளம் இல்லை என்று செடியே சாட்சி சொல்லும். என் பேச்சை நம்பாதவர்கள் அதன் பேச்சையாவது நம்ப வேண்டும்.

கைபேசியில் செடிகளை அடையாளம் காட்டுகிற ஒரு ஆப் உண்டு. படம் எடுத்துப் போட்டேன். முதலில் ஏதோ குளிர்நாட்டுத் தோட்டப்பூவின் பெயரைச் சொன்னது. வேறு கோணத்தில் எடுத்துப் போட்டேன், ஆர்க்கிட் என்றது. மூன்றாம் தடவை, என் நிழல் விழுந்ததாலோ என்னவோ, காளான் என்றது. தண்ணீரில் எறிந்திருப்பேன், கைபேசிக்கு இன்னும் தவணை முடியவில்லை.

கடைக்கு வருகிறவர்களிடம் படத்தைக் காட்டினேன். ஓணத்தை ஒட்டிப் பூக்கிறதால் ஓணப்பூ என்றார்கள் சிலர். அவர்களுக்கு ஆவணியில் பூக்கிறது எல்லாமே ஓணப்பூ. செங்கல் ஊரில் இருந்து வருகிற ஒரு அண்ணன் "சும்மா களையாக்கும், மாடும் தின்னாது" என்றார். திருப்புறத்துக்காரி ஒருத்தி தன் வீட்டுத் தொட்டியில் இதே பூ இருப்பதாகச் சத்தியம் செய்து, மறுநாள் ஒரு கிளையையும் கொண்டுவந்தாள். அது கடையில் வாங்குகிற கலப்புச்செடி. பெயர் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வராது.

கடைசியில் என்னோடு படித்த தோழிக்கு அனுப்பினேன். அவள் இப்போது ஒரு கல்லூரியில் பாட்டனி சொல்லிக்கொடுக்கிறாள். படம் போன மறு நிமிடமே கூப்பிட்டுவிட்டாள்.

"பூவைப் பிச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"பிச்சுப் பாரு. காசித்தும்பை கூட்டத்தில பக்கத்து இதழ் ரெண்டு ரெண்டா ஒட்டியிருக்கும். இது நான் நினைக்கிற செடின்னா அஞ்சும் தனித்தனியா வரும்."

சேலைப் பின்னைக் கழற்றி, கடை மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, காலையில் பறித்து வந்திருந்த பூவை இதழ் இதழாகப் பிரித்தேன். இதழ் அஞ்சும் தனித்தனியாக வந்தது. பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கினபோதுகூட எனக்கு அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை. கல்லூரி விட்டு வந்த பிறகு முதல் தடவையாக நான் படித்த படிப்பு எனக்கு உதவியது.

"அப்ப அது நீர்க்காசித்தும்பையாத்தான் இருக்கும்" என்றாள் தோழி. "ஹைட்ரோசெரா. எப்பவும் தண்ணி நிக்கிற இடத்திலதான் வரும். உனக்கு வேண்டியது அதுதானே?"

"அப்ப எழுதித் தா."

"பழம் பாக்காம நான் எழுத மாட்டேன்."

இவள் படிக்கும்போதே இப்படித்தான். காசித்தும்பையின் காய் முற்றினால் தொட்டதும் வெடித்து விதையைச் சிதறும். நீர்க்காசித்தும்பையின் காய் வெடிக்காது. சதைப்பற்றாகிச் சிவந்து, கறுத்து, முழுசாகத் தண்ணீரில் விழுந்து மிதந்து போகும். அந்த முற்றின பழத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் கல்லூரித் தாளில் கையெழுத்துப் போடுவேன் என்றாள். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டுமாம். அன்றைக்கு அவள் மேல் வந்த கோபத்தில் போனை அணைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அவள் ஒருத்திதான் இந்தக் கதையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவள்.

செடியில் அப்போது பச்சைக் காய்தான். ஓணம் கழிந்து எஞ்சினியர் வருவதற்குள் முற்றிவிடும் என்று கணக்குப் போட்டோம். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பழம் கறுக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

முடியவில்லை.

எங்கள் சபைப் பெண்கள் சங்கத்துக்கு ஒரு வாட்சாப் குழு உண்டு. வார்டுக்கு ஒன்று, வாசகசாலைக்கு ஒன்று. மூன்றிலும் போட்டேன். வீடியோவே எடுத்தேன். நாத்தனார்தான் படம் பிடித்தாள். நான் சதுப்பில் இறங்கி, ஒரு செடியை வேரோடு மெல்ல உருவி எடுத்து, ஓடையில் சேறு போக அலசி, தண்டைக் காட்டி, இலையைக் காட்டி, பூவைப் பிரித்துக் காட்டி, பச்சைக் காயை அமுக்கி வெடிக்காது என்றும் காட்டி, கல்லூரி டீச்சர் மாதிரி பேசினேன். "வேரோட எடுத்துப் பாத்தாத்தான் ஒரு செடிய முழுசா அறிய முடியும்" என்று வேறு சொன்னேன். அந்தச் செடியைப் பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து மேலே மாவு டின்னை ஏற்றி வைத்தேன். கைதட்டும் பொம்மைகளும் பூங்கொத்துகளுமாகக் குழுக்களில் வந்து குவிந்தன. பூவாறில் இருக்கிற ஒரு சொந்தக்காரி, "எங்கூர்ல ரிசார்ட்டுக்காரங்க இந்த மாதிரி செடியத்தான் தேடுறாங்க" என்று எழுதினாள். எனக்கு வாயெல்லாம் பல்.

அந்த வாரத்தில்தான் வாசகசாலைச் செயலாளர் கடைக்கு வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அத்தப்பூக்களப் போட்டிக்கு விதிமுறை அச்சடிக்க வேண்டும் என்றார். ஓணத்துக்குத் தரையில் வட்டமாகப் பூவடுக்கிப் போடுகிற களம் இங்கே எல்லார் வீட்டுக்கும் பொது. சர்ச்சுக்காரர்களும் போடுவோம், கோயில்காரர்களும் போடுவார்கள். ஆனால் வருடா வருடம் தோவாளைச் சந்தையில் இருந்து மூட்டை மூட்டையாகக் கேந்தியும் வாடாமல்லியும் வந்திறங்கும், எல்லாக் களமும் ஒரே மாதிரி இருக்கும். அது எனக்குப் பிடிக்காது. என் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, இந்தத் தடவை சந்தைப்பூ கூடாதுன்னு போடுங்க. நம்ம ஊருல, நம்ம வேலியில, நம்ம தோட்டுக் கரையில கிடைக்கிற நாட்டுப்பூ மட்டும். ஒவ்வொரு பூவுக்கும் பேரு எழுதி அட்டை வைக்கணும். அபூர்வமான பூவுன்னா மார்க் கூடுதல்."

"அடிபொளி, சேச்சி" என்றார் அவர். "சேச்சிதான் ஜட்ஜ்."

நானே சொன்னேன், நானே டைப் அடித்தேன், நானே நகல் எடுத்துக் கொடுத்தேன். போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொரு குழுவின் பெயர் அட்டைகளும் அச்சடிக்க என் கடைக்குத்தான் வந்தன. தும்பை, காக்காப்பூ, தெற்றி, முக்குற்றி என்று நீண்ட பட்டியலில் நீர்க்காசித்தும்பையும் இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஆகா, பெயர் ஊருக்குள் இறங்கிவிட்டதே என்று பூரித்துப்போனேன். அழகுக்கு இரண்டு பூ பறித்திருப்பார்கள், போகட்டும் என்று நினைத்துக்கொண்டு, அந்த அட்டைக்கு மட்டும் நல்ல கெட்டித் தாளாகப் பார்த்துப் போட்டேன்.

போட்டி நாள் காலையில் ஊற்றுப் பக்கம் போக நேரமில்லை. குளித்து, கசவுச் சேலை கட்டி, நேரே வாசகசாலைக்குப் போய்விட்டேன். முற்றத்தில் ஒன்பது களங்கள். மற்ற இரண்டு நடுவர்களோடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான்காவது எங்கள் சபைப் பெண்களின் களம். வெளி வட்டத்தில் தும்பை, அடுத்ததில் இலைப்பச்சை, அதற்குள் தெற்றி. நடு வட்டம், ஒரு பெரிய தாம்பாளம் அகலத்துக்கு, முழுக்க முழுக்க இளஞ்சிவப்பு. அங்கே நான் அச்சடித்த அட்டை நின்றது. பக்கத்தில் புதுச்சேலையில் என் நாத்தனார், முகமெல்லாம் சிரிப்பாக.

"மைனி, பாத்தியளா? நீங்க கண்டுபிடிச்ச பூவாக்கும். நடுவில வச்சிருக்கேன்."

"எங்கேருந்து எடுத்த?"

"நம்ம ஊத்துலதான். வேற எங்க உண்டு?"

"எத்தனை செடிய விட்டுட்டு வந்த?"

அவள் பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்தாள். "நடுவட்டம் நிறையண்டாமா மைனி" என்றாள் மெதுவாக.

"பூவ மட்டும் பறிச்சியா? செடி நிக்குதா?"

"பூவ மட்டும் பறிச்சா நீங்க வாறதுக்குள்ள வாடிப்போவும்லா. அதான் விடியும்போதே போயி, வேரோட எடுத்து வாளியில வச்சிக் கொண்டாந்தோம். நீங்களும் வீடியோவில அப்படித்தானே எடுத்துக் காட்டுனிய."

அதற்குப் பிறகு நான் பேசினதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. எருமை என்றேன். மண்டைக்குள்ள என்ன வச்சிருக்க என்றேன். "எட்டி, உனக்குத் தண்ணி வேண்டாமா? உன் கிணத்துக்கு எங்கேருந்து ஊறுதுன்னு நினைச்ச? அந்தக் காய் முத்தணும்னு நான் தினமும் போய்க் காவல் நிக்கேன், நீ வாளியில புடுங்கிட்டு வந்து தரையில பரத்தியிருக்க!" அவள் கண் கலங்கி நின்றதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அவள் படிக்காதவள் என்றுகூடச் சொன்னேன். அவள் என்னைவிட ஒரு வகுப்பு கூடப் படிக்க வேண்டியவள், இடையில் கல்யாணம் வந்ததால் நின்றது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

செயலாளர் ஓடி வந்தார். "சேச்சி, கையில மைக் உண்டு. ஆன்லதான் உண்டு."

ஊரே கேட்டிருந்தது. கேட்கட்டும் என்றிருந்தது எனக்கு. களத்தின் ஓரத்தில் குந்தி, நடு வட்டத்துப் பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேலை முந்தியில் போட ஆரம்பித்தேன். காம்போடு ஒட்டிக்கொண்டு எங்காவது ஒரு முற்றின காய் இருக்குமா என்று தேடினேன். ஜட்ஜே களத்தைக் கலைத்தால் எப்படி என்று யாரோ பின்னால் கேட்டார்கள். எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இருந்ததெல்லாம் பச்சைக் காய்கள். அவற்றிலும் பாதியைக் குழந்தைகள் வெடிக்கிறதா என்று அமுக்கிப் பார்த்து நசுக்கியிருந்தார்கள். அதுவும் என் வீடியோவில் கற்றதுதான்.

செடிகளை வாசகசாலைக்குப் பின்னால், வெயிலில், சாப்பாட்டு இலை போடுகிற இடத்தில் குவித்திருந்தார்கள். குழல் மாதிரி இருந்த தண்டெல்லாம் சப்பிப்போய்க் கிடந்தது. இரண்டு வாளியில் அள்ளி ஸ்கூட்டரில் கொண்டுபோய், கசவுச் சேலையோடு சதுப்பில் இறங்கி, ஒவ்வொன்றாக நட்டேன். சதுப்பு முழுக்கக் கால் தடம், கலங்கின சேறு. நட்டது நிற்கவில்லை, தண்ணீரில் சாய்ந்து படுத்தது. நாலாம் நாள் அழுகி நாறியது.

நான் அந்தக் களத்துக்குப் பூஜ்யம் போட்டேன். மற்ற இரண்டு நடுவர்களும் அள்ளிப் போட்டதில் அதற்குத்தான் முதல் பரிசு. ஒரு பிரஷர் குக்கர். அதை நாத்தனார் சபை அடுக்களைக்குக் கொடுத்துவிட்டாளாம், வீட்டுக்குக் கொண்டு வரவில்லையாம். கேள்விப்பட்டபோது அதற்கும் கோபப்பட்டேன், என்ன ஒரு நடிப்பு என்று.

பேப்பருக்கு நடுவில் வைத்த செடியைத் தோழிக்கு அனுப்பினேன். அதில் பழம் இல்லை. பூவை வைத்துப் பார்த்தால் நீர்க்காசித்தும்பையாக இருக்க வாய்ப்பு உண்டு என்று அவள் எழுதித் தந்தாள். அதற்கு மேல் ஒரு சொல் எழுத மாட்டேன் என்றாள். எஞ்சினியர் சொன்ன நாளில் வந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார், என் வீடியோவையும் பார்த்தார்.

"வாய்ப்பு உண்டுன்னுதானே சேச்சி எழுதியிருக்கு. செடி எங்கே?"

நான் சதுப்பைக் காட்டினேன். ஒன்றும் இல்லை. கலங்கல் தெளிந்து, அடியில் மண் தெரிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த நாத்தனார் இறங்கி வந்தாள். ஓணத்துக்குப் பிறகு அவள் என் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை.

"இங்கதான் நின்னுது சாரே. நானாக்கும் பறிச்சது. என் போன்ல போட்டோ உண்டு" என்று நீட்டினாள். பூக்களத்தின் போட்டோ. அவர் பார்த்தார், பாவம், அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "நல்ல களம்" என்று சொல்லிவிட்டு, குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். ஐப்பசி கழிந்ததும் கம்பியும் ஜல்லியும் வந்து இறங்கின.

இப்போது அங்கே ஒரு சுவர் இருக்கிறது. ஊற்றின் வாயில் பிளாஸ்டிக் குழாய். சதுப்பு இருந்த இடத்தில் மண்மேடு, அதன்மேல் யாரோ மரவள்ளி நட்டிருக்கிறார்கள். நான் பயந்தது அந்த மீனத்திலேயே நடந்தது. மோட்டார் போட்டால் காற்றைத்தான் உறிஞ்சியது. என் கிணற்றின் அடிப்பாறையை முதல் தடவையாகப் பார்த்தேன்.

நாத்தனார் கிணறும் அப்படித்தான். கிறிஸ்துமஸ்ஸுக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு கேக் கூடப் போகவில்லை. கணவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்காமல் ஒதுங்கிக்கொண்டார். ரோட்டுக் குழாயில் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும். ஒரு நாள் காலையில் குடத்தோடு போனால், வரிசையில் எனக்கு முன்னால் அவள். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குழாயில் சொட்டுக்கூட இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் காத்திருந்து அலுத்துப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுபடி தொடங்கினேன். "இருபது வருசம் அந்த ஊத்துல துணி அலசினவ நீ. வேற எவளாவது பறிச்சிருந்தாக்கூட எனக்கு இப்படி எரியாது. உனக்கு எப்படி மனசு வந்துது?"

அவள் கோபப்படவில்லை. குடத்தைக் குழாய்க்கு அடியில் நேராக வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இருபது வருசமும் அந்தச் செடிக்குப் பக்கத்திலதான் மைனி துணி அலசினேன். ஒருநாளும் தொட்டதில்ல. நீங்க அதுக்கு ஒரு பேரு சொன்ன பிறகாக்கும் பறிக்கணும்னு தோணிச்சு."

குழாய் சீறியது, இருமியது, பிறகு தண்ணீர் வந்தது. அவள் தன் குடத்தை ஓரமாக எடுத்துவிட்டு என் குடத்தை வாங்கி முதலில் வைத்தாள். குடம் நிறைகிற வரைக்கும் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.